பழைய கேரவன் வாங்கியிருக்கிறோம், கரன்ட் சமாச்சாரம் மட்டும் பிடிபடவில்லை

பெருந்துறை அம்மிணி | ஞாயிறு இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கங்க. நானும் வீட்டுக்காரரும் ஒரு பழைய கேரவன் வாங்கியிருக்கிறோம். ஃபோர்ஸ் டிராவலர் வண்டி, கரூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கூண்டு கட்டியது. இஞ்சின், பிரேக், டயர் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார், லாரி ஓட்டியவர். கரன்ட்தான் இருவருக்கும் எட்டவில்லை. விற்றவரிடம் வயரிங் படம் கேட்டால், "எல்லாம் ஓடுதுங்க, படம் எதுக்குங்க" என்றார்.

கண்ணில் படுவதைச் சொல்கிறேன். வண்டி பேட்டரி தனி. பின்கட்டிலுக்கு அடியில் ஒரு நீலப் பெட்டி, அதன்மேல் 12.8 வோல்ட், 200 ஏஎச் (ஆம்பியர் அவர்) என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் 2000 வாட் இன்வெர்ட்டர். கூரையில் இரண்டு சோலார் பேனல். வெளியே, மூடி போட்ட நீல நிற பிளக் ஒன்று.

தொந்தரவு மூன்று. விடியற்காலை ஃப்ரிட்ஜ் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அப்போது உள்ளே இருக்கும் மீட்டரில் பேட்டரி 12.9 வோல்ட் காட்டுகிறது. 12.7 இருந்தாலே பேட்டரி ஃபுல் என்று தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னார், பிறகு ஏன் நிற்கிறது? அடுத்தது, நடுவில் இருக்கும் ஃபேன் சுற்றுவதே தெரியவில்லை. கடைசியாக, காங்கேயம் பக்கம் மாமனார் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நிறுத்தி பிளக் சொருகினோம். ஈரக் காலோடு கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்கிறது. மாமியார் வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார்.

முழு வயரிங்கையும் மாற்று என்று ஒரு கடையில் பெரிய தொகை சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

தாராபுரம் ஃபோர்மேன் | ஞாயிறு இரவு 9.40

அம்மிணி, ஃப்ரிட்ஜும் ஃபேனும் அப்புறம். கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் முதல் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போதே மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள். சரி செய்யும்வரை அந்த வண்டிக்கு வெளிக் கரன்ட் வேண்டாம்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவன் நான், சுர்ரென்ற கதை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. இரும்புக் கூட்டுக்கும் மண்ணுக்கும் தொடர்பு இல்லை. கூட்டுக்குக் கரன்ட் வந்துவிட்டால், வெறுங்காலில் நின்று கைப்பிடியைத் தொடுகிறவர் வழியாகத்தான் அது தரைக்குப் போகும்.

கூட்டுக்குக் கரன்ட் வர இரண்டு வழி உண்டு. சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் எப்போதுமே கொஞ்சம் கசியும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு எர்த் வயரோடு போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கூட்டிலேயே நிற்கும், மீட்டரில் 230-ல் பாதி அளவுக்குக்கூடக் காட்டும், தொட்டால் சுர்ரென்னும், ஆனால் ஆளைப் பிடிக்கிற அளவுக்கு ஆம்பியர் இருக்காது. இன்னொரு வழி, உள்ளே எங்கேயோ ஃபேஸ் வயர் (கரன்ட் வரும் வயர்) தோல் உரிந்து தகட்டில் படுவது. அது கொன்றுவிடும். தொட்டுப் பார்த்து எது என்று சொல்ல எவனாலும் முடியாது. எனவே இரண்டாவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாளையில் எந்த பாயிண்டில் சொருகினீர்கள்?

பெருந்துறை அம்மிணி | ஞாயிறு இரவு 9.55

பிடுங்கிவிட்டோம் ஐயா. திண்ணையில் இருக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட், மூன்று ஓட்டை உள்ளது. பழைய வீடு.

உடுமலை தென்னந்தோப்பு | ஞாயிறு இரவு 10.20

வீட்டு பாயிண்டில் எர்த் இல்லையென்றால் மோட்டார் ரூமில் இருந்து எடுங்கள். அங்கே எர்த் கம்பி கண்டிப்பாக ஊன்றியிருப்பார்கள். என் மச்சான் அப்படித்தான் செய்கிறார்.

தாராபுரம் ஃபோர்மேன் | ஞாயிறு இரவு 10.31

தம்பி, அதைச் செய்யச் சொல்லாதீர்கள். முதலில், பம்புசெட்டுக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தை வேறு எதற்கு எடுத்தாலும் விதிமீறல். அதைவிட முக்கியம், மோட்டார் ரூமில் மூன்று ஃபேஸ் நிற்கிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 என்றால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400-ஐ ஒட்டி வரும். நியூட்ரல் எது என்று தெரியாமல் அவசரத்தில் இரண்டு ஃபேஸில் மாட்டினால் சார்ஜர், இன்வெர்ட்டர், ஏசி மெஷின் அத்தனையும் அந்த நிமிடமே போச்சு. மோட்டாருக்கு நியூட்ரல் தேவையே இல்லை என்பதால் பல மோட்டார் ரூமில் நியூட்ரல் எப்படிக் கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதும் இல்லை.

உடுமலை தென்னந்தோப்பு | ஞாயிறு இரவு 10.34

சரிங்க. மச்சானிடம் சொல்லிவிடுகிறேன்.

கோவை மல்டிமீட்டர் | திங்கள் காலை 7.05

அக்கா, எர்த் விஷயத்தை ஃபோர்மேன் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன். மீதியைப் பார்ப்போம். முழு வயரிங்கையும் மாற்றுவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வண்டியில் இரண்டு கரன்ட் ஓடுகிறது. ஒன்று 12 வோல்ட் டிசி. லைட், ஃபேன், தண்ணீர் பம்ப், ஃப்ரிட்ஜ் எல்லாம் பேட்டரியிலிருந்து நேராக ஓடும். இன்னொன்று 230 வோல்ட், வீட்டில் இருப்பது போலவே சுவர் பாயிண்டுகள். இரண்டையும் இணைப்பது இரண்டே பெட்டி. வெளி பிளக்கில் வரும் 230-ஐ 12 ஆக்கி பேட்டரிக்குத் தருவது சார்ஜர், பேட்டரியின் 12-ஐ 230 ஆக்கி பாயிண்டுக்குத் தருவது இன்வெர்ட்டர். உங்கள் வண்டியில் இரண்டும் ஒரே பெட்டியாகவும் இருக்கலாம். பேட்டரிக்கு வரவு மூன்று வழி: வெளி பிளக், சோலார், ஓடும்போது இஞ்சின் ஆல்டர்னேட்டர். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இவ்வளவையும் கட்டம் போட்டு வரைந்துவிட்டால் உங்களுக்கு வேண்டிய வயரிங் படம் முக்கால்வாசி முடிந்தது.

இப்போது அந்த 12.9. 12.8 என்று எழுதியிருந்தால் அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் வரிசையில். உங்களுக்கு யோசனை சொன்ன அண்ணன் பேசியது பழைய ஈய ஆசிட் பேட்டரியின் கணக்கு. அதில் 12.7 என்றால் ஃபுல், 12.2 வந்தால் பாதி. லித்தியத்தில் ஃபுல் என்பது சும்மா நிற்கும்போது 13.4-க்கு மேல். 13.2, 13.1 என்று மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். 12.9-க்கு இறங்கினால் உள்ளே ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக விடியற்காலையில் உங்கள் பேட்டரி கிட்டத்தட்டக் காலி.

வோல்ட்டை வைத்து லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது ஜோசியம் மாதிரிதான். நெகட்டிவ் வயரில் ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்கும் சின்னக் கட்டை) வைத்த மீட்டர் ஒன்று போடுங்கள். போன ஆம்பியர், வந்த ஆம்பியர் இரண்டையும் எண்ணிக்கொண்டே இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வேறு எந்த வயரும் நேராகப் போகக்கூடாது, எல்லாம் ஷன்டைத் தாண்டித்தான்.

அடுத்த கேள்வி, ஏன் காலியாகிறது? இரவு இன்வெர்ட்டரை அணைக்கிறீர்களா?

பெருந்துறை அம்மிணி | திங்கள் காலை 7.40

இல்லைங்க தம்பி. அணைக்கலாம் என்பதே தெரியாது. பச்சை லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்.

கோவை மல்டிமீட்டர் | திங்கள் காலை 7.52

பாதி விடை அதில்தான் இருக்கிறது. அந்த அளவு இன்வெர்ட்டர் எதுவும் ஓட்டாமல் சும்மா நின்றாலே 15 முதல் 20 வாட் தின்னும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 வாட் அவர், அதாவது 30 ஏஎச்-க்கு மேல். உங்கள் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு, ஒரு டீகூடப் போடாமல். 230 தேவைப்படும்போது மட்டும் ஆன் செய்யுங்கள்.

ஒரு மல்டிமீட்டர், முடிந்தால் டிசி படிக்கும் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்குங்கள். இருட்டிய பிறகு பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில் எத்தனை, ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயரில் என்ன அளவு எழுதியிருக்கிறது, இன்வெர்ட்டர் சும்மா எத்தனை ஆம்பியர், இதெல்லாம் எழுதிப் போடுங்கள். கிளாம்ப் மீட்டரில் டிசி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயர்மேன்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏசி, அதாவது வீட்டுக் கரன்ட் மட்டும் படிக்கும்.

கரூர் கூண்டு | திங்கள் மதியம் 1.15

பட்டறைக்காரன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. இந்த வண்டிகளில் 12 வோல்ட் வேலையை பஸ் எலக்ட்ரீஷியன் செய்வார், 230 வேலையை வீட்டு வயர்மேன் செய்வார். அவர் போன பிறகு இவர் வருவார், இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. படம் இல்லாததற்குக் காரணம் அதுதான், யாரும் மறைக்கவில்லை.

அந்த மெதுவான ஃபேனின் பின்னால் ஸ்டிக்கர் பாருங்கள். 24 வோல்ட் என்றிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பஸ், லாரி எல்லாம் 24. பட்டறையில் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். டிராவலர் 12 வோல்ட் வண்டி, 24 வோல்ட் ஃபேன் அதில் நகரும், காற்று வராது.

இன்னொன்று. பஸ்ஸில் நெகட்டிவ் வயர் தனியாக இழுக்கமாட்டோம், சேஸிதான் நெகட்டிவ். கேரவனின் பின்பகுதிக்கு அது சரிப்படாது. தகட்டு மூட்டில் துரு ஏறினால் லைட் மின்னும், பம்ப் திணறும், எங்கே என்று தேடி மாளாது. பாசிட்டிவ் எவ்வளவு கனமோ அதே கனத்தில் நெகட்டிவும் பேட்டரி வரை போக வேண்டும். தகட்டில் ஓட்டை போட்டு வயர் நுழையும் இடத்தில் ரப்பர் கிராமெட் (விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் சுர்ருக்கு மூலம் அங்கேயும் இருக்கலாம்.

லாரி நகரம் நாமக்கல் | திங்கள் இரவு 8.48

ஏனுங்க, லித்தியம் லித்தியம் என்கிறீர்கள். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஎச் டியூபுலர் ஒன்று தூக்கி வைத்தால் பாதி விலை. கெட்டால் எந்த ஊரிலும் மாற்றலாம். லித்தியத்தில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் அதைக் காக்கும் போர்டு) போனால் யாரிடம் கொண்டுபோவது?

கோவை மல்டிமீட்டர் | திங்கள் இரவு 9.10

பிஎம்எஸ் ரிப்பேர் பற்றிச் சொன்னது நியாயம் அண்ணா. மற்றபடி டியூபுலர் வீட்டு வராந்தாவுக்கு. 150 ஏஎச் என்றால் 50 கிலோவுக்கு மேல் கனம், அதில் பாதியைத்தான் எடுக்கலாம், முழுக்க இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடியாது. கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு, ஆசிட் தளும்பாமல் இருக்குமா? 100 ஏஎச் லித்தியம் 12 கிலோ சுமாருக்குத்தான் வரும்.

லாரி நகரம் நாமக்கல் | திங்கள் இரவு 9.22

கொல்லிமலைக்கு நெல் மூட்டையோடு ஏறுகிற லாரியில் இருப்பதும் ஆசிட் பேட்டரிதான் தம்பி. ஆனால் அது வெளியே சேஸியில் இருக்கிறது, தூங்குகிற இடத்தில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். விலையைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

பெருந்துறை அம்மிணி | புதன் இரவு 9.30

வீட்டுக்காரர் மீட்டர் பிடித்தார், நான் எழுதினேன்.

பேட்டரி முனையில் 13.1. ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதன் சாக்கெட்டில் 12.1. ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது. வயரில் 1.5 ஸ்கொயர் எம்எம் என்று அச்சடித்திருக்கிறது, பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை கூரையோரமாகச் சுற்றி 7 மீட்டர் வரும். இன்வெர்ட்டர் சும்மா 1.4 ஆம்பியர். ஃபேனில் 24 வோல்ட் என்றுதான் இருக்கிறது, கரூர் அண்ணன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார்.

சாளை பாயிண்டில் வயர்மேனை வைத்துப் பார்த்தோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 236. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 71. அப்புறம், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி வீட்டு எம்சிபி (தானே விழும் சுவிட்ச்) ஒன்று இருக்கிறது, 240/415 என்று போட்டிருக்கிறது.

கோவை மல்டிமீட்டர் | புதன் இரவு 10.15

அருமைங்க அக்கா, இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதித் தருவதில்லை.

ஃப்ரிட்ஜ் மர்மம் தீர்ந்தது. பேட்டரியில் 13.1, ஃப்ரிட்ஜில் 12.1. ஒரு வோல்ட் வழியிலேயே போகிறது. சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது புதிதல்ல, சன்னமான குழாயில் கடைசித் தென்னைக்கு அழுத்தம் இருக்காது. கணக்கும் சுலபம். ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.0175 ஓம். போக 7, வர 7, மொத்தம் 14 மீட்டர். 14-ஐ 0.0175-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 0.16 ஓம் சொச்சம். 5 ஆம்பியருக்கு 0.8 வோல்ட் நஷ்டம். மிச்சம் 0.2 அந்த சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் தளர்ந்த முனையில். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஆம்பியர் இன்னும் ஏறும், நஷ்டமும் அதோடு ஏறும். விடியற்காலை பேட்டரி 12.9-க்கு வந்த நேரத்தில் ஃப்ரிட்ஜுக்கு 11-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்து அது தானே அணைந்துவிடுகிறது.

6 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்தால் அதே தூரத்துக்கு நஷ்டம் 0.2 வோல்ட். லைட்டர் சாக்கெட்டைத் தூக்கிவிட்டு நேராக ஸ்க்ரூ கனெக்டரில் கொடுங்கள். ஃப்ரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு என்று எச், எம், எல் மூன்று நிலை இருக்கும். எச் என்பது வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியைக் காப்பாற்ற. உங்களுக்குத் தனி பேட்டரி, உள்ளே பிஎம்எஸ் வேறு, எல்-லில் வையுங்கள்.

ஃபியூஸ் இல்லாததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. லித்தியம் பேட்டரியில் பாசிட்டிவ் வயர் எங்காவது தகட்டில் பட்டால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஃபியூஸ் பொருளைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. வயர் தாங்கும் அளவைவிட ஃபியூஸ் பெரிதாக இருந்தால் ஃபியூஸ் இல்லாத மாதிரிதான். 2000 வாட் இன்வெர்ட்டர் முழு வேலை செய்தால் 190 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதற்கு 70 ஸ்கொயர் எம்எம் வயரும் 250 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃபியூஸும். ஃப்ரிட்ஜ் வயருக்குத் தனியாக 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும்.

அந்த எம்சிபியை எடுத்துவிடுங்கள். வீட்டுக் கரன்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு வருகிறது, எம்சிபி பிரியும்போது வரும் தீப்பொறி அந்த இடைவெளியில் அணையும். டிசி பூஜ்யத்துக்கு வரவே வராது. பொறி நீண்டு உள்ளேயே எரியும். டிசிக்கென்று அச்சடித்த பிரேக்கர் தனியாகக் கிடைக்கிறது.

கரூர் கூண்டு | வியாழன் காலை 8.02

எம்சிபி விஷயம் எங்கள் பக்கத்தில் பரவலாக நடக்கிறது, உண்மை. கூட ஒன்று: புதிய வயர் இழுக்கும்போது முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். பங்குனி வெயிலில் தகட்டுக்கு உள்ளே டேப் பசை உருகி வழுக்கிவிடும். வயர் முனையில் லக் (செம்பு வளைய முனை) வைத்து ஹைட்ராலிக் கிரிம்ப் அடிக்க, அதாவது அழுத்தி இறுக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் நசுக்கினால் ஓடுகிற குலுக்கலில் கழன்றுவிடும்.

தாராபுரம் ஃபோர்மேன் | வியாழன் காலை 10.20

71 என்றால் எர்த் செத்துக் கிடக்கிறது. நல்ல எர்த்தாக இருந்தால் அங்கேயும் 230-ஐ ஒட்டி வரும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்காது. டெஸ்டர் வைத்து ஃபேஸில் எரிகிறது என்று பார்த்தால் மட்டும் இது தெரியாது.

உங்கள் வயர்மேன் பழைய ஆள் என்றால் பாயிண்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து "சரியாப் போச்சுங்க" என்பார். மீட்டரும் 230 காட்டும். விடாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, முழு 230-ம் வண்டிக் கூட்டில் நிற்கும். கதவைத் தொட்டவர் கதை முடிந்தது.

புதிதாக எர்த் குழி போடுங்கள். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல். காங்கேயம் கொறங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நிலத்து) மண் சித்திரையில் பாளம் பாளமாகக் காய்ந்துவிடும், எர்த்தும் கூடவே காய்ந்துவிடும். தொட்டித் தண்ணீர் வழிகிற இடமாகப் பார்த்துப் போட்டால் ஊற்றுகிற வேலை மிச்சம்.

வண்டிக்குள் நீல பிளக்கிலிருந்து வயர் நுழைந்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), இரண்டு கம்பியையும் துண்டிக்கிற வகை, கூடவே 16 ஆம்பியர் எம்சிபி. இது ஏன் அவசியம் என்று சொல்கிறேன். உங்கள் எர்த் குழி 50 ஓம் என்று வையுங்கள், காய்ந்த மண்ணில் அது அதிசயமில்லை. ஃபேஸ் கூட்டில் பட்டால் 230-ஐ 50-ஆல் வகுத்து 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது, கூட்டில் கரன்ட் நின்றுகொண்டே இருக்கும். ஆர்சிசிபிக்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும், பட்டென்று விழுந்துவிடும். அதில் டி (T) என்று ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். ஆனால் அந்தப் பட்டன் ஆர்சிசிபி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

கூட்டுக்கும் எர்த் வயருக்கும் கனமான இணைப்பு ஒன்று இருக்க வேண்டும். கூட்டில் ஃபேஸ் படுகிறதா என்று பார்க்க, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மெகரால் (வயர் தோல் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) இன்சுலேஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து.

கோவை மல்டிமீட்டர் | வியாழன் காலை 10.45

ஐயா சொன்னதோடு ஒரு ஒட்டு. இன்வெர்ட்டரில் ஓடும்போதும் ஆர்சிசிபி வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த நேரத்தில் மட்டும் இன்வெர்ட்டரின் நியூட்ரல் கூட்டோடு இணைந்திருக்க வேண்டும், வெளிக் கரன்ட் வந்ததும் அந்த இணைப்பு பிரிய வேண்டும். கேரவனுக்கென்று செய்த இன்வெர்ட்டர் சார்ஜர்கள் பலவற்றில் இதற்கு உள்ளேயே ரிலே (தானே இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் எதிர்பார்க்க முடியாது. உங்களுடையது எது என்று மாடல் பார்த்துக் கேளுங்கள்.

பல்லடம் சோலார் தம்பி | வியாழன் மாலை 6.30

பேனலைப் பற்றி யாருமே பேசவில்லையே. எத்தனை வாட் அக்கா?

பெருந்துறை அம்மிணி | வியாழன் மாலை 6.50

இரண்டும் 200 என்றார்கள். சாளையில் வேப்பமரத்தடியில்தான் நிறுத்துவோம், வெயில் தாங்காது.

பல்லடம் சோலார் தம்பி | வியாழன் மாலை 7.15

அங்கேதான் இருக்கிறது வில்லங்கம். 400 வாட்டும் கூரையில் படுத்த மாதிரி இருந்தாலும், நம் ஊர் வெயிலில் மறைப்பு இல்லாமல் நின்றால் நாளுக்கு ஒன்றே கால், ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் என்பது 1000 வாட் அவர்) தரும். வேப்பமரத்தடியில் அதில் சொற்பம்தான். இரண்டு பேனலும் வரிசையாக (சீரீஸ்) இணைந்திருந்தால் ஒன்றின் மூலையில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் மொத்த வரவும் அடி வாங்கும். பக்கவாட்டு (பேரலல்) இணைப்பாக மாற்றினால் நிழலில்லாத பேனல் தன் பங்கைக் கொடுத்துவிடும். கன்ட்ரோலர் எம்பிபிடியா (பேனலிலிருந்து முடிந்தவரை அதிகம் எடுக்கும் வகையா), அதில் லித்தியம் என்று தேர்வு செய்திருக்கிறதா, 14.4-ஐத் தாண்டி ஏற்றாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈய பேட்டரிக்கான ஈக்குவலைஸ் (அதிக வோல்ட்டில் ஏற்றும்) அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஆனி ஆடியில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போனால் மேகம் மூடியிருக்கும், சோலாரை நம்பாதீர்கள். அந்த மாதங்களிலும் தாராபுரம், மூலனூர் பக்கம் காற்று மட்டும்தான், வெயில் கிடைக்கும்.

ஓடும்போது ஏறும் சார்ஜுக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? வெறும் ரிலே என்றால் மாற்றுங்கள். காலியான லித்தியம் கிடைக்கிற ஆம்பியரை எல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். 30 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் நடுவில் வைத்தால் அளவோடு எடுக்கும். ஈரோட்டிலிருந்து வால்பாறைக்கு ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஐந்து மணி நேரம் ஓட்டினால் 150 ஏஎச் ஏறிவிடும். உங்கள் பேட்டரியில் முக்கால்வாசி.

பெருந்துறை அம்மிணி | வெள்ளி இரவு 8.05

நன்றிங்க தம்பி. ரிலேதான் இருக்கிறது, மாற்றச் சொல்லிவிட்டோம். இப்போது ஆசைக் கேள்வி. வண்டியில் ஒரு டன் ஏசி மெஷின் இருக்கிறது. இரவு அதை பேட்டரியில் ஓட்டலாமா? மிக்ஸி, கிரைண்டர்?

கோவை மல்டிமீட்டர் | வெள்ளி இரவு 8.40

கிரைண்டரா! கோயம்புத்தூர்க்காரனிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான். முக்கால் மணி நேரம் ஓடினால் 110 வாட் அவர் சொச்சம், பேட்டரிக்கு உறைக்காது. மிக்ஸி 750 வாட் என்றாலும் ஓடுவது ஐந்து நிமிடம். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான ஸ்கொயர் வேவ் என்றால் மோட்டார் உறுமும், சூடாகும்.

ஏசி வேறு கதை. இன்வெர்ட்டர் வகை ஏசி, இரவில் சராசரி 600 வாட் என்றே வைப்போம். எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். உங்கள் பேட்டரி மொத்தமே 2.56 யூனிட், அதில் எடுக்கத் தக்கது 2 யூனிட். பாதி இரவுகூடத் தாங்காது. ஏசியை வெளிக் கரன்ட் இருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள், அதுவும் 16 ஆம்பியர் பாயிண்டில். 6 ஆம்பியர் பாயிண்டில் 1300 வாட் வரைதான், ஏசியும் சார்ஜரும் சேர்ந்தால் பிளக் பழுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையக்கூடாது, சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றி வைத்தபடி ஓட்டினால் உள்சுற்று உருகும்.

ஏசி இல்லாமல் ஓட்டினால் ஃப்ரிட்ஜுக்கு வெயில் நாளில் அரை யூனிட், 12 வோல்ட் பிஎல்டிசி (குறைந்த கரன்ட்டில் ஓடும்) ஃபேன் இரவு முழுக்கக் கால் யூனிட், லைட், பம்ப், செல்போன் எல்லாம் சேர்த்து இன்னொரு கால். நாளுக்கு ஒரு யூனிட். சோலார் ஒரு துளி தராவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும்.

லாரி நகரம் நாமக்கல் | வெள்ளி இரவு 9.00

ஆர்சி புத்தகத்தில் மோட்டார் கேரவன் என்று ஏறியிருக்கிறதா பாருங்கள் அம்மிணி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்சியில் பதிய வேண்டும். கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்று தர விதியே உண்டு. பதியாமல் விட்டிருந்தால் நாளைக்கு ஷார்ட் சர்க்யூட் என்று இன்சூரன்ஸுக்குப் போகும்போது முதல் கேள்வி அதுதான் வரும்.

பெருந்துறை அம்மிணி | மறு வாரம் சனி மாலை 5.20

ஆர்சியில் சரியாக இருக்கிறது அண்ணா, பார்த்துவிட்டோம். வேலை முடிந்தது. முழு வயரிங் மாற்றவில்லை. ஃப்ரிட்ஜ் வயர், பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ்கள், டிசி பிரேக்கர், டிசி டு டிசி சார்ஜர், ஆர்சிசிபி, ஷன்ட் மீட்டர் இவ்வளவுதான். முதலில் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மெகர் டெஸ்டில் பின்விளக்குப் பக்கம் 230 வயர் ஒன்று தகட்டு விளிம்பில் உரசி, செம்பு தெரிகிற நிலையில் இருந்தது. கிராமெட் இல்லாத ஓட்டை. ஃபோர்மேன் ஐயா சொன்ன இரண்டாவது வழி கொஞ்ச நாளில் வந்திருக்கும். சாளையில் எர்த் குழி மாட்டுத்தொட்டி ஓரம் போட்டாச்சு, இப்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 233 காட்டுகிறது.

இன்னும் ஒரே சந்தேகம். ஜனவரியில் ஊட்டி போகலாம் என்றிருக்கிறோம். உறைபனி விழும் என்கிறார்கள். பேட்டரிக்கு ஏதாவது ஆகுமா?

கோவை மல்டிமீட்டர் | சனி மாலை 6.02

லித்தியத்தைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, எடுக்கலாம். ஏற்றினால் செல்லுக்குள் நிரந்தரச் சேதம். நல்ல பிஎம்எஸ் தானே தடுத்துவிடும், உங்களுடையதில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பேட்டரியின் தாளில் பாருங்கள். இருந்தால், விடியற்காலை சோலார் கன்ட்ரோலரில் சார்ஜ் ஏறவில்லை என்று பயப்பட வேண்டாம். கட்டிலுக்கு அடியில், ஆள் படுக்கிற கூட்டுக்குள் இருக்கும் பேட்டரி வெளிக் காற்று அளவுக்குக் குளிராது. இருந்தாலும் காலையில் இஞ்சினைக் கிளப்பும் முன் டிசி டு டிசி சார்ஜரை அணைத்து வைத்து, வெயில் ஏறியதும் ஆன் செய்யுங்கள்.

தாராபுரம் ஃபோர்மேன் | சனி மாலை 6.30

ஊட்டியில் எந்த விடுதியில் பிளக் சொருகினாலும் முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள் அம்மிணி. அங்கே மண் ஈரம், எர்த் நன்றாகவே இருக்கும், ஆனால் பாயிண்டில் வயர் மாட்டியவர் யார் என்று நமக்குத் தெரியாது.